ஏழு சுற்று, பத்து பேர்: கொச்சி யூதர்களின் சிம்ஹத் தோரா

செமஸ்டர், ப்ராஜெக்ட் என்று ஓடிக்கொண்டிருந்ததில் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. இந்த முறை பி.காம். மாணவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம். ஆனால் ஆரம்பித்தது காலேஜ் டூரில்தான்.

எங்கள் வகுப்பை இண்டஸ்ட்ரியல் விசிட் என்று கொச்சிக்கு அழைத்துப் போனார்கள். மசாலா வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பம்மலில் இருந்து பஸ் பிடித்து, சென்ட்ரலில் ரயிலேறி, மறுநாள் மட்டாஞ்சேரியில் யூதத் தெருவில் நின்றோம். தெரு முழுக்க மிளகு, ஏலக்காய், இஞ்சி வாசனை. தெருக்கோடியில் ஒரு மணிக்கூண்டு. அதை ஒட்டிய கட்டடத்தின் பலகையைப் படித்த நண்பன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், கோயிலுக்குப் போய் பரதேசின்னு பேர் வச்சிருக்காங்கடா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. நம் ஊரில் பரதேசி என்றால் திட்டு. ஆனால் அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் பரதேசத்துக்காரர், வெளிதேசத்தில் இருந்து வந்தவர். ஸ்பெயின், போர்ச்சுகல், சிரியா பக்கங்களில் இருந்து கொச்சிக்கு வந்து சேர்ந்த யூதர்கள் 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் அது. அவர்களுக்கும் முன்னால், பல நூற்றாண்டுகளாக மலபாரிலேயே வாழ்ந்துவந்தவர்கள் மலபார் யூதர்கள். 'பரதேசி' என்ற பெயரே இங்கே இரண்டு வகை யூதர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. இந்த 'இரண்டு வகை' விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நம் கோயில் மாதிரியே செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் சீனாவில் இருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். மேலே சர விளக்குகளும், எண்ணெய் ஊற்றி எரிக்கும் கண்ணாடி விளக்குகளும் தொங்குகின்றன. நடுவில் பித்தளைக் கம்பி வேலி போட்ட மேடை. அவ்வளவுதான். சிலை இல்லை, படம் இல்லை, அன்றைக்கு டூரிஸ்ட்டுகளைத் தவிர ஆளும் இல்லை. எங்களோடு நின்றிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், "இப்போ பார்த்தா ஒண்ணும் தெரியாது. சிம்ஹத் தோரா அன்னிக்குப் பார்த்திருக்கணும்" என்றார்.

அது என்ன சிம்ஹத் தோரா? ஊருக்குத் திரும்பிய பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புத்தகத்துக்கு ஒரு திருவிழா

'சிம்ஹத் தோரா' என்றால் எபிரேய மொழியில் தோராவின் மகிழ்ச்சி. தோரா என்பது யூதர்களின் வேதத்தில் முதல் ஐந்து நூல்கள். கிறிஸ்தவ நண்பர்கள் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஜெப ஆலயத்தில் இருப்பது அச்சடித்த புத்தகம் அல்ல. பதப்படுத்திய தோலில் கையால் எழுதிய நீளமான சுருள். மொத்தம் 3,04,805 எழுத்துகள் என்பது மரபான கணக்கு. ஓர் எழுத்து அழிந்தாலும், அதைச் சரிசெய்கிற வரை அந்தச் சுருளை வைத்துப் பொதுவில் வாசிக்கக் கூடாது.

இந்த ஐந்து நூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து, வாராவாரம் வாசித்து, ஒரு வருடத்தில் முடிக்கிறார்கள். கடைசிப் பகுதியை முடிக்கிற நாள்தான் சிம்ஹத் தோரா. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அன்றைக்கு உபாகமத்தின் முடிவை வாசித்த கையோடு, வேறொரு சுருளைத் திறந்து ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை வாசித்துவிட வேண்டும். முடிவுக்கும் தொடக்கத்துக்கும் நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது சுலபமாகப் புரியும். மார்ச் 31-ன் இறுதி இருப்புதான் ஏப்ரல் 1-ன் தொடக்க இருப்பு, கணக்கு நிற்பதே இல்லை :)

நம் சரஸ்வதி பூஜையும் கிட்டத்தட்ட அதே பருவத்தில்தான் வருகிறது. நாம் புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைத்து அன்றைக்குப் படிக்காமல் இருக்கிறோம் (மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி). விஜயதசமி அன்று மறுபடி எடுத்துப் படிக்கிறோம். அவர்கள் வேதச் சுருள்களை எல்லாம் பேழையில் இருந்து வெளியே எடுத்து, கையில் ஏந்தி, நடு மேடையை ஏழு முறை சுற்றிப் பாடி ஆடுகிறார்கள். குழந்தைகளுக்கு இனிப்பு உண்டு. கடைசிப் பகுதியை வாசிக்க அழைக்கப்படுகிறவருக்கு 'தோராவின் மாப்பிள்ளை' என்று பெயர். முதல் பகுதியை வாசிப்பவரும் இன்னொரு மாப்பிள்ளை. பேரிலேயே கல்யாணக் களை தெரிகிறது இல்லையா?

இதுவரை சொன்னது உலகத்தில் உள்ள யூதர்கள் எல்லோருக்கும் பொது. கொச்சிக்காரர்கள் இதில் தங்கள் ஊரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கொச்சியில் என்ன செய்தார்கள்?

பண்டிகைக்கு முன்னால், நிரந்தரமாக இருக்கும் மரப் பேழைக்கு எதிரில் தற்காலிகமாக இன்னொரு பேழையை அமைப்பார்கள். அதைப் பட்டுத் துணிகளால் அலங்கரித்து, சுருள்களை எல்லோர் கண்ணிலும் படும்படி அதில் நிறுத்திவைப்பார்கள். இங்கே சுருள்கள் துணி உறைக்குள் அல்ல, வெள்ளித் தகடு போர்த்திய மரக்கூட்டுக்குள் நிமிர்ந்து நிற்கும். உச்சியில் கிரீடம் இருக்கும். திருவிதாங்கூர் மகாராஜா கொடுத்ததாகச் சொல்லப்படும் தங்கக் கிரீடமும் பரதேசி ஆலயத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விளக்குகள் எரியும், பூமாலைகள் தொங்கும். உலர்திராட்சையில் செய்த பானம்தான் அவர்களின் பண்டிகைத் திராட்சரசம்.

உள்ளே நடக்கும் சுற்று எல்லா ஊரிலும் உண்டு. கொச்சியில் மட்டும் பிற்பகலில் சுருள்களை ஏந்திக்கொண்டு ஆலயத்துக்கு வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி ஊர்வலமாகப் பாடிக்கொண்டு போவார்கள். பண்டிகை முடிகிற நேரத்தில் அந்தத் தற்காலிகப் பேழையைப் பாட்டுப் பாடிக்கொண்டே கலைத்துவிடுவார்கள்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூலவர் உள்ளேயே இருக்க, உற்சவர் அலங்காரத்தோடு வெளியே வந்து பிராகாரம் சுற்றுவதும், விழா முடிந்ததும் பந்தலைப் பிரிப்பதும் நாம் பிறந்ததில் இருந்து பார்ப்பதுதானே. இது எனக்கு மட்டும் தோன்றியது அல்ல. 1980-களில் மட்டாஞ்சேரியில் தங்கி ஆராய்ந்து, 1993-ல் கொச்சியின் கடைசி யூதர்கள் பற்றிப் புத்தகம் எழுதிய நேதன் கட்ஸ், எலன் கோல்ட்பர்க் இருவரும் கேரளக் கோயில் திருவிழாவோடு இதை ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யூதர்களுக்குத் தோரா தெய்வமல்ல, தெய்வம் தந்த நூல். வணங்குவதில் அவர்கள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. கொண்டாடும் விதத்தில் மட்டும் அக்கம்பக்கத்தாரைப் போல ஆகிவிட்டார்கள்.

ஊர்வல மரியாதை என்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல. சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு இன்னும் இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழி தமிழும் மலையாளமும் முழுதாகப் பிரியாத காலத்து மொழி, நாமே பாதியைப் புரிந்துகொள்ளலாம். அஞ்சுவண்ணம் என்ற வணிகர் அமைப்பின் உரிமையும் சேர்த்து 72 உரிமைகளைத் தந்ததாக அது சொல்கிறது. பகல் விளக்கு, நடப்பதற்கு விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் எல்லாம் அதில் வருகின்றன. அந்தக் காலத்தில் இவையெல்லாம் யாரும் நினைத்தபடி வைத்துக்கொள்ள முடியாத அந்தஸ்துச் சின்னங்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. கேரள ஜெப ஆலயங்களில் கீழே ஒரு மேடை, மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொரு வாசிப்பு மேடை என்று இரண்டு உண்டு. இப்படி இரண்டு மேடை வைத்துக் கட்டுவது கேரள யூதர்களின் தனி அடையாளம். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திலேயே பாட்டுகளைக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடினார்கள். அந்த நோட்டுகளைத் தேடிச் சேகரித்து 2004-ல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகம் ஒலித்தட்டாக வெளியிட்டது.

வாசலில் உட்கார்ந்தவர்கள்

இதுவரை எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே படித்துக்கொண்டு போனபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது.

பரதேசி ஆலயத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காரவில்லை. அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டு யூதர்களாக ஆனவர்களின் வம்சம் ஒன்று அங்கே இருந்தது. அவர்களை 'மெஷுஹ்ராரிம்' என்றார்கள், விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். அவர்களும் அதே தோராவைத்தான் நம்பினார்கள், அதே பண்டிகையைத்தான் கொண்டாடினார்கள். ஆனால் பிரதான கூடத்தில் ஆசனம் கிடையாது, முன்கூடத்தில்தான் உட்கார வேண்டும். ஆலயத்துக்குள் மற்றவர்களுக்கு இருந்த உரிமைகளும் இல்லை, கல்யாண சம்பந்தமும் இல்லை. மலபார் யூதர்களோடும் பரதேசிகள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை.

மதம் இப்படிச் சொன்னதா? இல்லை. கொச்சியில் இருந்த இந்தப் பிரிவினை பற்றி 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவுக்குக் கடிதம் போயிருக்கிறது. அங்கே இருந்த பெரிய அறிஞர் ரபி டேவிட் இப்னு சிம்ரா, முறைப்படி சடங்கு முடித்துவிட்டால் அவர்கள் முழு யூதர்கள்தான், கலந்து மணம் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் கொச்சியில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஊர்வலத்தை ஊரில் இருந்து எடுத்துக்கொண்டவர்கள் ஜாதியையும் ஊரில் இருந்தே எடுத்துக்கொண்டார்கள். விளக்கும் பூவும் எந்த வழியாக வந்ததோ அதே வழியாகத் தீண்டாமையும் உள்ளே வந்துவிட்டது.

இதை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). மெஷுஹ்ராரிம் வம்சத்தில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்தவர் என்பது நமக்குப் பெருமை. கொச்சி சட்டசபையில் உறுப்பினர். 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போய்வந்தவர். அவர் ஆலயத்தைக் கொஞ்ச காலம் புறக்கணித்துப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, உள்ளே இருந்தபடியே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர் வந்தது இதனால்தான்.

காலத்தைக் கவனியுங்கள். வைக்கம் போராட்டம் 1924–25. பெரியார் போய்ச் சிறைப்பட்டதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936. அதே பத்துப் பதினைந்து வருடங்களில், அதே மண்ணில், ஒரு யூத ஆலயத்துக்குள்ளும் அதே சண்டை நடந்திருக்கிறது. தடைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. ஆனாலும் பிற்பாடு சேலத்தின் மகன் ஒரு பரதேசி யூதப் பெண்ணை மணந்துகொண்டபோது, அந்தக் கல்யாணத்தைக் கொச்சியில் நடத்த முடியாமல் பம்பாயில்தான் நடத்தினார்கள். இன்றைக்கு யூதத் தெருவில் உள்ள சாலைக்கு ஏ.பி. சேலம் சாலை என்று பெயர். மசாலா வாங்கப் போகிற யாரும் அந்தப் பலகையைப் படிப்பதில்லை, நாங்களும் படிக்கவில்லை.

எண்ணிக்கை குறைந்தபோது

1940-களின் கடைசியில் கொச்சிப் பகுதியில் சுமார் 2,400 யூதர்கள் இருந்தார்கள். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று எட்டு ஜெப ஆலயங்கள். 1948-ல் இஸ்ரேல் உருவானது. யாரும் இவர்களை விரட்டவில்லை, இந்தியாவில் ஒருபோதும் தங்களை யாரும் துன்புறுத்தியதில்லை என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். தினமும் பிரார்த்தனையில் சொன்ன ஊருக்கே போகலாம் என்ற ஆசையும், புது வாழ்வு கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அழைத்தன. 1950-களின் நடுவிலேயே மலபார் யூதர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற ஊரில் நிலம் திருத்தி விவசாயம் செய்தார்கள், கொச்சி பாணியில் ஓர் ஆலயமும் கட்டிக்கொண்டார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஆலயத்தின் மர வேலைப்பாடுகள் இப்போது ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த ஆலயத்தின் கட்டடமோ 2019 மழையில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது.

பரதேசிகள் மெதுவாகத்தான் கிளம்பினார்கள். ஆனால் கிளம்பினார்கள்.

இங்கேதான் ஒரு கணக்கு இடிக்கிறது. யூத முறைப்படி பொது வழிபாடு நடத்த, பொதுவில் தோரா வாசிக்க, வயது வந்த ஆண்கள் குறைந்தது பத்து பேர் வேண்டும். அதற்கு 'மின்யான்' என்று பெயர். ஒன்பது பேர் வந்தால் நடக்காது. கிரீடம் இருக்கிறது, வெள்ளிக்கூடு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சீன ஓடுகூட அப்படியே இருக்கிறது. பத்து ஆண்கள் இல்லை. எர்ணாகுளத்தில் மிஞ்சிய மலபார் யூதர்களையும், வெளிநாட்டில் இருந்து சுற்றிப்பார்க்க வந்த யூதர்களையும் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பும் நிலை வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஆள் இருந்தார்கள், அவர்களை முன்கூடத்தில் உட்காரவைத்தார்கள். பெண் கொடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். பாகுபாடு மட்டும்தான் இந்தச் சமூகம் சுருங்கக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பாகுபாடே இல்லாமல் இருந்திருந்தாலும் இஸ்ரேலுக்குப் போயிருப்பார்கள். ஆனால் சுருள்களைச் சுமந்து சுற்றக் கைகள் நிறைய இருந்த காலத்தில், சில கைகளை வேண்டாம் என்று ஒதுக்கியது மட்டும் உண்மை.

2024-ல் மட்டாஞ்சேரியின் கடைசி பரதேசி யூதப் பெண்மணியும் காலமானார். பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் அருங்காட்சியகங்களாகிவிட்டன. எர்ணாகுளத்தில் ஓர் ஆலயத்தின் முன்பகுதியில் மீன்தொட்டியும் செடிகளும் விற்கும் கடை நடக்கிறது. அந்தக் கடைதான் ஆலயத்தைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம்.

உலகத்தின் மற்ற இடங்களிலும் இந்தப் பண்டிகையின் மேல் நிழல் விழுந்திருக்கிறது. 2023 அக்டோபர் 7 தாக்குதல் நடந்த அன்றைக்கு இஸ்ரேலில் சிம்ஹத் தோரா. அதன் பிறகு காஸாவில் நடந்த போரும் சாவுகளும் நமக்குத் தெரியும். ஆடிப்பாட வேண்டிய நாள் அவர்களுக்குத் துக்க நாளாகவும் ஆகிவிட்டது.

நம் ஊரிலும்

கொண்டாட ஆள் போன பிறகு பெயர் மட்டும் மிஞ்சுவதைப் பார்க்கக் கொச்சி வரை போக வேண்டாம், பாரிமுனை போதும். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்து வந்த போர்ச்சுகீசிய யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போனார்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது முதல் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். இன்று அவர்களில் மிச்சம் ஒரு தெருப் பெயரும், லாயிட்ஸ் ரோட்டில் சில கல்லறைகள் உள்ள சின்ன இடமும்தான். அவர்களும் ஏதோ ஒரு அக்டோபரில் இந்தச் சென்னையில் தோராவின் முடிவை வாசித்துவிட்டு முதல் அதிகாரத்தைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆடி மாதம் எங்கள் பம்மல் பக்கம் அம்மன் ஊர்வலம் வரும்போது ட்ராஃபிக் ஜாம் என்று நானே சலித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். சாமியை யார் தூக்குகிறார்கள், தோள் கொடுக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், யாரைக் கூப்பிடாமல் விடுகிறார்கள் என்று. பரதேசி என்று சிரித்த நண்பனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் தோள் கொடுக்கிறவர்கள் யார் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.